அடுத்த செவ்வாய்வரை ஆயுள்

காலமான தேதியைக் குறித்துச் சொல்ல முடியாத மரணங்களில் இதுவும் ஒன்று. நெடுநாள் இழுத்துக்கொண்டு கிடந்து, பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பஸ் ஏறிய பிறகு, பக்கத்தில் ஆளில்லாத வேளையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுவரொட்டி அடிக்கலாமென்றால் அன்னாருக்குச் சரியான பெயரும் இல்லை. டார்க் காமெடித் தொடர் ஒன்றை டி.வி.யில் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அது மறுபடி வரும்வரை, நினைவைத் தவிர வேறு ஆதாரம் கையில் இல்லாமல், 'கத்தி யார் கையில் இருந்தது, அவன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான், போன மாதம் வந்த அந்த மாமா என்ன ஆனார்' என்று பார்த்தவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. அதற்குத்தான் இந்த இரங்கல்.

கதையில் ஓட்டை கண்டுபிடிக்கும் பழக்கம் சாகவில்லையே என்பீர்கள். அது நன்றாகவே இருக்கிறது. முன்னைவிடச் சதை போட்டிருக்கிறது. ரிமோட்டில் நிறுத்தி, பத்து விநாடி பின்னால் தள்ளி, காட்சியைப் பெரிதாக்கி, சுவர்க்கடிகாரத்தில் மணி தப்பு என்று காட்டுகிறார்கள். அது கணக்குத் தணிக்கை. நான் சொல்வது தீர்ப்பே வர வழியில்லாத வழக்கை. இரண்டு பேர் ஒரே காட்சியை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது வேறு வேறு மாதிரி நினைவிருக்கிறது. சரிபார்க்க எந்த வழியும் இல்லை. அப்போது பேச்சு எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போய் வந்ததுதான் இறந்துபோனதின் வாழ்க்கை.

பிறந்த வீடு 1970-களின் அமெரிக்கா. அங்கே அப்போது ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்று மூன்றே நெட்வொர்க்குகள். முன்னிரவில் டி.வி. முன் உட்கார்ந்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருந்தார்கள். மறுநாள் காலை அலுவலகத்தில் குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் 'நேற்றுப் பார்த்தீர்களா?' என்று கேட்டால், எதை என்று அவர் திருப்பிக் கேட்பது அபூர்வம். வார இதழ் வந்ததும் தொடர்கதைப் பக்கத்துக்கு அடித்துக்கொண்ட வீடுகளில் வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: இதழைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும்வரை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். டி.வி. தொடர் ஒளிபரப்பான அரை மணி நேரத்தோடு காற்றில் கரைந்துவிடும்.

வம்சத்தில் மூத்தது 1976 ஜனவரியில் வந்த 'மேரி ஹார்ட்மன், மேரி ஹார்ட்மன்'. தயாரிப்பாளர் நார்மன் லியர். மூன்று நெட்வொர்க்குகளும் வேண்டாமென்று ஒதுக்கியதால் ஊர் ஊராக நிலையங்களுக்குத் தனித்தனியே விற்றார். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 325 எபிசோடுகள். எடுத்த எடுப்பிலேயே ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொலை. கூடவே அவர்களுடைய இரண்டு ஆடுகளும் எட்டுக் கோழிகளும். பிறகு ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர், காய்ச்சலுக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே மதுவையும் குடித்துவிட்டு, மேரியின் சமையலறையில் கோழி சூப் கிண்ணத்துக்குள் முகம் கவிழ்ந்து மூழ்கிச் செத்துப்போகிறார். சூப்பில் மனிதன் மூழ்குவானா, கிண்ணம் எத்தனை ஆழம் என்று ஒருவர் தீவிரமாகக் கேட்கலாம். கேட்ட மறுநொடி, கேட்ட கேள்வியைக் கேட்டுத் தானே சிரித்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் டார்க் காமெடி மற்ற வகைகளிலிருந்து பிரிகிறது. துப்பறியும் தொடரில் லாஜிக் இடித்தால் எழுதியவர் கோட்டைவிட்டார் என்று ஒரே வார்த்தையில் முடிந்துபோகும். வெறும் சிரிப்புத் தொடரில் லாஜிக் இடித்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சாவும் சிரிப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது, எந்தக் குளறுபடியைப் பார்த்தாலும் முதலில் எழும் கேள்வியே வேறு: இது ஓட்டையா, ஜோக்கா? எழுத்தாளருக்குக் கை நழுவிவிட்டதா, அல்லது வேண்டுமென்றே நழுவவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாரா? ஓட்டை என்பவர் ஒரு பக்கம், ஜோக் என்பவர் ஒரு பக்கம் என்று இரண்டு கட்சி உடனே உருவாகிவிடும். இரண்டையும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. இப்படியொரு வாதத்துக்கு ஒரு வாரம் போதவே போதாது.

அன்னார் தம் முழு ஆகிருதியோடு வாழ்ந்தது 'சோப்' தொடரைச் சுற்றித்தான். 1977 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை இரவு ஏபிசியில் முதல் எபிசோடு. எழுதியவர் சூசன் ஹாரிஸ். பின்னாளில் 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தந்தவர். கனெக்டிகட் மாநிலத்தில் டன்ஸ் ரிவர் என்றொரு கற்பனை ஊர். அங்கே அக்காள் தங்கை இருவர்: பணக்கார வீட்டு ஜெசிகா டேட், நடுத்தர வீட்டு மேரி காம்ப்பெல். பகல்நேர அழுகைத் தொடர்களின் அத்தனை சரக்கும், கள்ள உறவு, கொலை, மறதி நோய், ஆள் மாறாட்டம் எல்லாம், இரவு நேரத்தில் சிரிப்புச் சத்தத்தோடு வந்தன. பிறகு வேற்றுக்கிரகவாசிகளும் பேய் பிடித்த குழந்தையும் சேர்ந்துகொண்டனர்.

தொடரைப் பற்றிய சண்டை, தொடரை யாரும் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது தனி வேடிக்கை. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளேயே ஒரு பாதிரியாரை மயக்கும் காட்சி வரப்போகிறது என்று 'நியூஸ்வீக்' முன்கூட்டி எழுதியது. அப்படிக் காட்சி எதுவும் எடுக்கப்படவில்லை. ஆனால் மத அமைப்புகள் கிளம்பிவிட்டன. ஏபிசிக்கு சுமார் 32,000 கடிதங்கள் வந்ததாகவும், அவற்றில் ஆதரித்தவை ஒன்பதே என்றும் கணக்கு சொல்வார்கள். சில உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன, சில நடுராத்திரிக்குத் தள்ளின. இத்தனை ரகளையில் கிடைத்த இலவச விளம்பரம்தான் முதல் எபிசோடுக்கு அவ்வளவு கூட்டத்தைக் கூட்டியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு எபிசோடும் ஒரு கதைசொல்லியின் குரலோடு தொடங்கும். ராட் ராடியின் குரல் அது. போன வாரம்வரை நடந்ததைப் படபடவென்று ஒப்பித்துவிட்டு, குழப்பமாக இருக்கிறதா என்று கேட்டு, இந்த வார எபிசோடைப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கும். தெளியாது என்று எல்லோருக்கும் தெரியும். முடிவில் அதே குரல் கேள்விகளை வரிசையாக அடுக்கிவிட்டு விடைபெறும். பார்வையாளர் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொடரே முந்திக்கொண்டு கேட்டுவிட்டது! வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு சவால்: நான் கேட்காமல் விட்ட கேள்வி எது, கண்டுபிடி பார்க்கலாம். அந்த ஒரு நிமிட ஒப்பித்தலும், 'டி.வி. கைடு' இதழில் வரும் ஓரிரு வரி அறிமுகமும்தான் நடந்ததற்கு இருந்த எழுத்துப்பூர்வ, குரல்பூர்வ ஆதாரங்கள். மிச்சமெல்லாம் நினைவு.

முதல் சீசனின் பெரிய முடிச்சு பீட்டர் காம்ப்பெல் கொலை. டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் அழகன். ஜெசிகாவோடும் உறவு, அவள் மகள் கொரினோடும் உறவு. குளியலறையில் பிணமாகக் கிடக்கிறான். எப்படிக் கொல்லப்பட்டான் என்றால், சுடப்பட்டு, குத்தப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு, மூச்சு முட்டவைக்கப்பட்டு, அடித்து நொறுக்கப்பட்டு. ஐந்து விதம். ஜெசிகாமீது வழக்கு நடக்கிறது, குற்றவாளி என்று தீர்ப்பும் வருகிறது. 1978 மார்ச்சில் சீசன் முடியும் அந்த நொடியில் கதைசொல்லியின் குரல் குறுக்கிட்டு, ஜெசிகா நிரபராதி, கொன்றவர் இந்த ஐவரில் ஒருவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது: மேரியின் கணவன் பர்ட், ஜெசிகாவின் கணவன் செஸ்டர், மேரியின் மகன் ஜோடி, டேட் வீட்டு பட்லர் பென்சன், கொரின். பிறகு செப்டம்பர்வரை மௌனம்.

ஐந்து விதமான கொலை, ஐந்து சந்தேகப் பேர்வழிகள். இதைக் கேட்டதும் ஆளுக்கொரு ஆயுதம் என்று பங்கு பிரிக்காதவன் மனிதனா? கோடை முழுவதும் அந்தப் பங்கு பிரிப்பைச் செய்வதற்கு ஏராளமாக நேரம் இருந்தது. மண்டையில் அடித்தது பர்ட்டாக இருக்கலாம், ஏனென்றால்... ஆனால் பர்ட் பீட்டரைப் பெற்றவனாயிற்றே! விரலைச் சொடுக்கினால் தான் மாயமாகிவிடுவதாக நம்பும் ஆளும் அவன்தான். அப்படியென்றால் அன்று வீட்டில் அவனைப் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் அந்தச் சாட்சி செல்லுமா? இப்படித்தான் வாதம் ஓட்டைக்குள் நுழைந்து, ஜோக்குக்குள் வெளியே வரும். இதற்கிடையே பீட்டராக நடித்த ராபர்ட் யூரிச், அதே ஏபிசியில் அதே செப்டம்பரில், 'வேகாஸ்' என்ற புதுத் தொடரில் துப்பறிவாளராக வந்து உட்கார்ந்துவிட்டார். செத்தவனே துப்புத் துலக்க வந்துவிட்டான் என்று எந்த வீட்டிலாவது யாராவது சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அடுத்த சீசன் தொடங்கியதும் ஜெசிகாவின் கணவன் செஸ்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தனியாளாக. ஐந்து விதமாகவும். விடை கிடைத்த பிறகு ஓட்டை இன்னும் பெரிதானது! 'ஹூ ஷாட் ஜே.ஆர்.' (ஜே.ஆரைச் சுட்டது யார்) என்ற 'டல்லஸ்' தொடர்ப் பைத்தியம் அமெரிக்காவைப் பிடித்தது இதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். 1980 மார்ச்சில் குண்டு பாய்ந்தது. நடிகர்களின் வேலைநிறுத்தம் தாமதப்படுத்த, நவம்பர் 21-ஆம் தேதிதான் விடை. எட்டுக் கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். எண்ணிக்கையில் அது பெரிது. ஆனால் 'டல்லஸ்' கேட்டது 'யார்?' என்ற ஒரு கேள்விதான். பெயர் தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. 'சோப்' விடை சொன்ன பிறகும் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் வித்தையைத் தெரிந்துவைத்திருந்தது.

இந்த ஓட்டைகள் எங்கிருந்து வந்தன? சில எழுத்தாளர் கையிலிருந்து. பல, கதைக்கு வெளியே இருந்து. பட்லர் பென்சனாக வந்த ராபர்ட் கியோம் மக்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டதால் 1979-இல் அவருக்கென்றே 'பென்சன்' என்ற தனித் தொடர் கிளம்பியது. டேட் வீட்டில் சிறிது காலம் கதவைத் திறக்க ஆளில்லை, பிறகு புது பட்லர் வந்தார். கொரினாக நடித்த டயானா கனோவாவுக்கும் வேறு தொடர் கிடைத்தது. பாதிரி வேலையை விட்டுவிட்டு வந்தவனைக் கல்யாணம் செய்து, பேய் பிடித்த குழந்தையைப் பெற்று, எல்லாப் பாடும் பட்டவள் கதையை விட்டே போய்விட்டாள். நடிகரின் ஒப்பந்தம் கதாபாத்திரத்தின் விதியாக மாறும் தொழில் இது. பார்ப்பவருக்கு ஒப்பந்தம் தெரியாது. கதைக்குள்ளேயே காரணம் தேடுவார். அந்தத் தேடலில்தான் அவர் பாதி எழுத்தாளராகிவிடுவார்.

இன்னொன்று: மேரியின் மகன் டேனி. மாஃபியா கும்பலில் இருக்கிறான். செத்துப்போன தன் அப்பா ஜானிக்காகப் பழிவாங்க, அம்மாவின் இரண்டாவது கணவன் பர்ட்டைக் கொல்லும்படி அவனுக்கு உத்தரவு. முதல் சீசனில் பாதிச் சிரிப்பு இந்தப் பழிவாங்கலைச் சுற்றித்தான். வருடங்கள் கழித்து, டேனிக்கு ஜானி அப்பாவே கிடையாது, செஸ்டர்தான் அப்பா என்று தெரியவருகிறது. அப்படியென்றால் யாருக்காக அவன் பர்ட்டைத் துரத்தினான்? பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்க்க வழியில்லாத ஒருவர், மேரி அப்போதே முகத்தில் ஏதோ காட்டினாள், நான் கவனித்தேன் என்று சத்தியம் செய்வார். காட்டவே இல்லை என்பார் பக்கத்து மேசைக்காரர். இல்லாத முகபாவத்தை நினைவு பின்னால் போய் வரைந்துவிட்டு வந்திருக்கும். தொடரில் இல்லாத ஒரு நல்ல நடிப்பு பார்வையாளர் மூளையில் அரங்கேறியிருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சூசன் ஹாரிஸுக்குச் சம்பளமில்லாத உதவியாளர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

வேற்றுக்கிரகவாசிகள் பர்ட்டைத் தூக்கிக்கொண்டு போய், அவன் சாயலில் ஒருவனை வீட்டுக்கு அனுப்பியபோது, பெண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்கலாம். தெரிந்தது, புது பர்ட் பழைய பர்ட்டைவிட அதிகமாகக் கொஞ்சுகிறான், மேரிக்குப் பிடித்திருக்கிறது. ஓட்டையை ஜோக் அடைத்துவிட்டது. ஆனால் பிறகு மேரி கர்ப்பமாகிறாள். குழந்தை யாருடையது என்ற கேள்வியில் ஜோக் மறுபடி ஓட்டையாகிறது. இந்த மாதிரி ஊசலாட்டத்தை நான் வேறெந்தத் தொடரிலும் இவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை. நான் பார்த்தது டிவிடியில், அதுவும் நாலைந்து எபிசோடுகளை ஒரே இருப்பில் விழுங்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாதத்தின் சுவையை அல்ல, அது நடந்த இடத்தை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

நோய் எப்போது தொடங்கியது? கிருமி வீட்டுக்குள் வந்தது 'சோப்' பிறந்த அதே வருடம். சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் 1975-லேயே வந்துவிட்டது என்றாலும், விஎச்எஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1977 ஆகஸ்டில், முதல் எபிசோடுக்குச் சில வாரங்களுக்கு முன். வீட்டில் உட்கார்ந்து பதிவுசெய்வது திருட்டு என்று படநிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காகப் பதிவுசெய்வது குற்றமில்லை என்றது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் அன்னார் இன்னும் சில வருடம் இருந்திருக்கலாம்.

1990 ஏப்ரலில் 'ட்வின் பீக்ஸ்' வந்தபோது பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் வி.சி.ஆர். இருந்தது. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரும் செய்த இந்தத் தொடரை டார்க் காமெடி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடப் பெண் லோரா பால்மரின் பிணத்துக்குப் பக்கத்திலேயே கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதோடு பேசும் பெண்மணி வரும்போது எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. முதல் எபிசோடு எடுக்கும்போது லோராவின் அம்மா அலறி எழும் காட்சியில், செட் அலங்காரம் செய்துகொண்டிருந்த ஃப்ராங்க் சில்வா என்பவரின் உருவம் பின்னாலிருந்த கண்ணாடியில் தற்செயலாகப் பிரதிபலித்துவிட்டது. படப்பிடிப்பில் அது தவறு, மறுபடி எடுக்க வேண்டும். லிஞ்ச் எடுக்கவில்லை. அந்த உருவத்தையே தொடரின் தீய சக்தியான பாப் ஆக்கினார். சில்வாவையே நடிக்கவும் வைத்தார். ஓட்டையா, ஜோக்கா என்ற பழைய கேள்விக்கு மூன்றாவது பதில் ஒன்று பிறந்தது: ஓட்டைதான் கதை.

ஆனால் அதே தொடரின் பார்வையாளர்கள் டேப்பை நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும் பழகிக்கொண்டார்கள். கண்ணாடியில் யார், கனவில் வந்த குள்ளர் என்ன சொன்னார், இவற்றையெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நினைவுக்கு எதிராக முதல்முறையாகச் சாட்சி ஒன்று வீட்டிலேயே இருந்தது. கொலையாளி யாரென்று கடைசிவரை சொல்லாமல் இருக்கத்தான் லிஞ்ச் விரும்பினார். நெட்வொர்க் நெருக்க, 1990 நவம்பரில் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு கூட்டம் கரைந்தது, 1991 ஜூனில் கதாநாயகன் கூப்பர் தீய சக்தியின் பிடியில் சிக்கி, உடைந்த கண்ணாடி முன் சிரிக்கும் இடத்தில் தொடர் நின்றது. அந்த முடிச்சு 2017-இல் லிஞ்ச் திரும்பி வரும்வரை தொங்கியது. திரும்பி வந்தும் அவிழ்க்கவில்லை, இன்னும் நாலு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார் என்பதில் எனக்குச் சந்தோஷமே.

கடைசி அடி 2013. பிப்ரவரி 1-ஆம் தேதி 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 எபிசோடுகளையும் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நேரத்தில் இறக்கியது. இரங்கல் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமானது அதே ஆண்டு மே 26-இல் நடந்தது. ஃபாக்ஸில் 2006-இல் முடிந்துபோன 'அரெஸ்டட் டெவலப்மெண்ட்' நான்காவது சீசனாகத் திரும்பியது, 15 எபிசோடுகளும் ஒரே நாளில். மிட்சல் ஹர்விட்ஸ் அதை ஒரு புதிராகவே கட்டியிருந்தார்: ஒவ்வொரு எபிசோடும் ஒரு குடும்பத்தாரைப் பின்தொடரும், இங்கே புரியாத ஒரு வசனம் ஐந்து எபிசோடு தள்ளி வேறொருவர் கோணத்தில் புரியும். முடிவில் லூசில் ஆஸ்டெரோ என்ற பெண் காணாமல் போகிறாள். ஒரு தலைமுறைக்கு முன்பாக இருந்தால் இந்தப் புதிருக்கு மாதக்கணக்கில் ஆயுள் இருந்திருக்கும். இங்கே ஒருவர் மூன்றாவது எபிசோடில் இருக்கிறார், இன்னொருவர் பதினைந்தையும் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முடித்தவர் வாயைத் திறந்தால் மற்றவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பேச ஆள் இருக்கிறது, ஒரே இடத்தில் நிற்கும் ஆள் இல்லை.

2018-இல் ஹர்விட்ஸே அந்தச் சீசனை வெட்டி ஒட்டி, நடந்த வரிசைப்படி, 22 எபிசோடுகளாக்கி வெளியிட்டார். புரியவில்லை என்று புகார் சொன்னவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். எனக்கு அது, இடுகாட்டிலிருந்து எலும்பை எடுத்து அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. பார்வையாளர் தலைக்குள் செய்துகொள்ள வேண்டிய வேலையை நிறுவனம் கத்திரிக்கோலால் செய்துகொடுத்துவிட்டது.

ஆட்சேபம் வரும். வாரம் ஒரு எபிசோடு என்ற முறை திரும்பி வந்துவிட்டதே? எச்பிஓ அதைக் கைவிடவே இல்லையே? 'தி ஒயிட் லோட்டஸ்' ஒவ்வொரு சீசனையும் சாவோடு தொடங்கி, செத்தது யாரென்று வாரக்கணக்கில் சொல்லாமல் இழுக்கிறதே? உண்மை, அங்கே வாதம் நடக்கிறது, நானும் ரசிக்கிறேன். அது இறந்துபோனதின் தூரத்து உறவு. மூக்கு ஒத்துப்போகிறது, குணம் ஒத்துப்போகவில்லை. அங்கே வாதிடுகிறவர்கள் ஆதாரத்தோடு வருகிறார்கள். முதல் காட்சியில் தண்ணீரில் மிதந்த சட்டையின் நிறத்தையும் ஆறாவது எபிசோடில் ஒருவர் போட்ட சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். சரியாகவும் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. வாதிடுகிறவருக்கு நினைவு தப்புவதற்கான உரிமை போய்விட்டது. 'எனக்கு அப்படித்தான் ஞாபகம்' என்று இன்று யாராவது சொன்னால், எதிரில் இருப்பவர் போனை எடுக்கிறார்.

முடிச்சு அவிழாமல் நின்றுபோகும் தொடர்களுக்கும் பஞ்சமில்லை. நெட்ஃப்ளிக்ஸின் 'சாண்டா கிளாரிட்டா டயட்', மனித மாமிசம் தின்னும், ரியல் எஸ்டேட் தொழில் செய்யும் ஒரு மனைவியைப் பற்றிய டார்க் காமெடி. மூன்றாவது சீசன் வெளிவந்து ஒரு மாதத்துக்குள், 2019 ஏப்ரலில், அடுத்தது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கணவன் தலைக்குள் ஒரு ஜந்து புகுந்திருக்கும் இடத்தில் கதை நிற்கிறது. கடைசி எபிசோடு முடிந்த சில விநாடிகளில் திரை அடுத்த தொடரின் முன்னோட்டத்தை ஓட்டத் தொடங்கிவிடும். துக்கம் அனுசரிக்க அவ்வளவுதான் அவகாசம்.

'சோப்' கதைக்கு அந்த அவகாசம் நிறையவே கிடைத்தது. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்திருந்தது, விளம்பரதாரர்கள் நெளிந்தார்கள், நான்காவது சீசனோடு ஏபிசி நிறுத்திவிட்டது. சூசன் ஹாரிஸ் ஐந்து சீசனுக்குத் திட்டம் போட்டிருந்தவர். ஆகவே 1981 ஏப்ரல் 20-இல் வந்த கடைசி எபிசோடு, இது கடைசி என்று தெரியாத எபிசோடின் முகத்தோடு முடிகிறது. ஷெரீஃப் ஆகிவிட்ட பர்ட் தனக்கு வைத்த பொறிக்குள் நடந்து போகிறான். செஸ்டர் தன் இளம் இரண்டாம் மனைவியையும் டேனியையும் ஒரே படுக்கையில் பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு நிற்கிறான். ஜோடி ஹிப்னாடிசத்திலிருந்து வெளிவராமல் தன்னை ஒரு யூதக் கிழவராக நினைத்துக்கொண்டிருக்கிறான். ஜெசிகா, தென் அமெரிக்காவில் ஒரு புரட்சிக் கும்பலிடம் மாட்டி, சுடுவதற்குத் தயாராக நிற்கும் துப்பாக்கிகளுக்கு எதிரில் நிற்கிறாள்.

இரண்டு வருடம் கழித்து, 1983-இல், 'பென்சன்' தொடரின் ஒரு எபிசோடில் ஜெசிகா வந்தாள். கேதரின் ஹெல்மண்டேதான் நடித்தார். பென்சன் கண்ணுக்கு மட்டும் தெரியும் உருவமாக வந்து, தான் சாகவில்லை, தென் அமெரிக்காவில் எங்கோ கோமாவில் கிடப்பதாகச் சொன்னாள். ஆகவே வழக்கு முடிந்தது, ஜெசிகா பிழைத்துவிட்டாள் என்று பலரும் ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலாவது, 'பென்சன்' வேறு தொடர், வேறு ஊர், வேறு வீடு. ஒரு கோர்ட்டில் நடக்கும் கொலை வழக்கை வேறொரு கோர்ட்டின் சாட்சியை வைத்து முடிக்கலாமா? இரண்டாவது, வந்தது ஆவி மாதிரி ஒன்று, பார்த்தது ஒரே ஆள், அவரும் அந்த வீட்டில் வருடக்கணக்கில் உப்பைத் தின்றவர். மூன்றாவது, கோமா என்றால் துப்பாக்கிகள் வெடித்தனவா இல்லையா? வெடித்திருந்தால் குண்டு எங்கே பட்டது? வெடிக்கவில்லையென்றால் கோமா எதனால்? இதெல்லாம் போகட்டும், கோமாவில் கிடப்பவள் வடக்கே இத்தனை ஆயிரம் மைல் வந்து தன் பழைய பட்லரைத் தேடிப் பிடிக்க முடிந்ததென்றால், செஸ்டர் கையிலிருந்த அந்தத் துப்பாக்கி வெடித்ததா என்று டேட் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல அவளுக்கு ஏன் தோன்றவில்லை?